மார்த்தாண்டம் சாவிக்கடை: திரும்பாத கார் சாவிக்கு இங்கே போகலாமா?

போகலாம். பழைய கார், சாவி உள்ளே போகும்போது மணல் அரைக்கிற மாதிரி நறநறக்கிறது, போனாலும் திரும்ப மாட்டேன் என்கிறது, ஆட்டி அசைத்துக் கெஞ்சினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் தாராளமாக இங்கே போகலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் மட்டும் போக வேண்டாம், அவர்களுக்கு இந்தக் கடையில் வேலை இல்லை.

கடை மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, சந்தைப் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. ஒரு ஷட்டர் அகலம்தான். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மேஜையில் பழைய கீ கட்டிங் மெஷின் ஒன்று, பக்கத்தில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று, புதியதைத் தூசி படாமல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார் கடைக்காரர். பெயர்ப்பலகை வெயிலில் வெளிறி, சாவிப் படம் மட்டும்தான் மிச்சம். கார் வேலைக்கு நடுவே பீரோ சாவி, பைக் சாவி, கடை ஷட்டர் பூட்டு என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அதற்கெல்லாம் பொறுமை வேண்டும்.

எங்கள் வண்டி 2011 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், டிஎன் 75 நம்பர். வீடு கருங்கலுக்குத் தெற்கே, கடற்கரைக்குப் பக்கம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, மழை இல்லாத நாளில் உப்புக்காற்று. இரும்பு எதுவும் இங்கே நிம்மதியாக இருக்காது. போர்ட்டிகோவில் நிறுத்தும் வண்டிக்கே கதவுக் கீல் துருப்பிடிக்கும், சாவித் துவாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் எப்போதாவது சிக்கிய சாவி, போகப்போகத் தினமும் சிக்க ஆரம்பித்தது. அதிலும் வேடிக்கை, சாவியை முழுக்க உள்ளே தள்ளினால் திரும்பாது, ஒரு மயிரிழை வெளியே இழுத்துத் திருப்பினால் திரும்பிவிடும். வீட்டில் எல்லோருக்கும் அந்த வித்தை பழகிப்போயிருந்தது. வேறு யாராவது வண்டியை எடுக்கும்போதுதான் போன் வரும்.

முதலில் நாகர்கோவில் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டு போனோம். சாவியைப் போட்டுப் பார்த்த பையன் இரண்டு நிமிஷத்தில் இறங்கி, “முழு லாக் செட் மாத்தணும் சார்” என்றான். இக்னிஷன், கதவு, டிக்கி எல்லாம் சேர்ந்த செட், கூலியோடு ஆறாயிரத்துச் சொச்சம், பார்ட் வர ஒரு வாரம். ஏன் மாற்ற வேண்டும், என்ன தேய்ந்திருக்கிறது என்று கேட்டால், “பழைய வண்டி இல்லையா சார்” என்பதுதான் பதில். பழைய வண்டிதான், யார் இல்லை என்றது? ஸ்பேர் சாவி இருக்கிறதா என்றுகூட அவன் கேட்கவில்லை.

இந்தக் கடையில் முதலில் கேட்ட கேள்வியே அதுதான். “சாரே, ரெண்டாவது சாவி இருக்கா?” இருந்தது, அலமாரியில் வாங்கிய நாள் முதல் தூங்கிக்கொண்டிருந்த சாவி. அதைப் போட்டார், ஓரளவு சுலபமாகத் திரும்பியது, ஆனாலும் சுத்தமாக இல்லை. அப்படியென்றால் பாதிக் குற்றம் தினமும் ஓடும் சாவியில், பாதி உள்ளே இருக்கும் பேரலில், அதாவது சாவியோடு சேர்ந்து சுழலும் உருளையில் என்று அங்கேயே சொல்லிவிட்டார். காசு வாங்காமல் சொன்னது இது. சாவி சிக்கும் யாரும் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்: ஸ்பேர் சாவி நன்றாகத் திரும்பினால் பழைய சாவி தேய்ந்திருக்கிறது, இரண்டுமே சிக்கினால் பூட்டுக்குள் கோளாறு.

அடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்தார். சாவியே திரும்பவில்லை என்று அலறியடித்துக்கொண்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் ஸ்டியரிங் லாக் விழுந்திருக்குமாம். சாவியை எடுத்த பிறகு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு ஆணி வந்து அதைப் பூட்டிக்கொள்ளும். சக்கரம் திட்டில் முட்டியோ சரிவில் நின்றோ அந்த ஆணியை அழுத்திக்கொண்டிருந்தால் சாவியை என்ன செய்தாலும் அசையாது. ஒரு கையால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் கொஞ்சம் இடம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே, மறு கையால் சாவியை மெதுவாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இதற்கு வரும் ஆட்களிடம் அவர் பணம் வாங்குவதில்லை, நான் இருக்கும்போதே ஒருவரை அப்படி அனுப்பினார், அவர் களியக்காவிளையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார், பாவம்.

எங்களுக்கு அது இல்லை என்று ஆனதும்தான் டார்ச் அடித்துத் துவாரத்தைப் பார்த்தார். பார்த்ததும், “இதுக்குள்ள தேங்காயெண்ணெ விட்டது யாரு?” என்றார். மாமனார்தான், வேறு யார். எங்கள் ஊரில் கதவுக் கீல், கத்தரிக்கோல், தலைமுடி எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. விட்ட அன்று சாவி வழுக்கிக்கொண்டு போகும், பிரச்சினை அதற்குப் பிறகுதான். எண்ணெய் ஈரம் தூசியைப் பிடித்துக்கொள்ளும், சாவி தேய்ந்து உதிரும் பித்தளைப் பொடியும் அதில் சேரும், எல்லாம் பசையாகி உள்ளே தகடுகளை அசைய விடாது. கிரீஸ், இஞ்சின் ஆயில் எதுவானாலும் கதை இதேதான்.

எல்லோரும் அடிக்கும் டபிள்யூடி 40 பற்றியும் கேட்டேன். அது 1953-ல் அமெரிக்காவில் ஏவுகணை உடம்பில் துருப்பிடிக்காமல் இருக்க, ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த திரவம். இறுகிய அழுக்கைக் கரைத்துக் கழுவ நல்லது, கழுவிய பிறகு உள்ளே தங்கி வேலை செய்யும் மசகு அது இல்லை. பூட்டுக்கு உலர்ந்த மசகுதான் சரி, கிராஃபைட் பொடி அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்பிரே. அவசரத்துக்கு மெத்தென்ற பென்சில் முனையைச் சாவியின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்தாலும் போதும், பென்சிலில் இருப்பதும் கிராஃபைட்தான்.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டியரிங் பக்கம் கையையே வைத்தார், ஏர்பேக் இருக்கும் இடம் என்பதால். எனக்கு நம்பிக்கை வந்த இடம் அதுதான். கவரைப் பிரித்து, சாவியை ஏசிசி நிலைக்கு, அதாவது இஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடும் நிலைக்குத் திருப்பி, ஒரு மெல்லிய கம்பியால் பக்கத்துத் துளையில் இருந்த பின்னை அழுத்தியதும் பேரல் சாவியோடு கையில் வந்துவிட்டது. எல்லா வண்டியிலும் இவ்வளவு சுலபம் இல்லையாம், சிலதில் முழு ஸ்டியரிங் லாக்கையும் தலை ஒடியும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அதை உளி வைத்துத் தட்டித்தான் கழற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் வண்டி மாதிரியானதில் பேரலைக் கழற்றவே சாவி ஏசிசி வரைக்காவது திரும்ப வேண்டும். சுத்தமாகத் திரும்பாத நிலைக்கு வந்துவிட்டால் துவாரத்துக்குள் ஊசி விட்டு நெம்பித் திறக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் துளை போட்டு உடைக்க வேண்டும், அப்போது புது லாக் வாங்குவதைத் தவிர வழி இல்லை. “சிக்கிட்டுக் கெடக்கும்போதே வந்துரணும் சாரே, நின்ன பெறகு வந்தா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் செலவு” என்றார்.

பேரலை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவியபோது வந்த கறுப்பைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால், அதன் பல் ஒவ்வொன்றும் தனக்கான தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கி, எல்லாத் தகடும் பேரலின் விளிம்போடு மட்டமாக நிற்கும், உடனே பேரல் சுழலும். ஒரே ஒரு தகடு கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலும் சுழலாது. சாவிப் பல் தேய்ந்திருந்தால் தூக்க வேண்டிய உயரத்துக்குத் தூக்காது. எங்கள் வண்டியில் ஒரு மயிரிழை வெளியே இழுத்தால் திரும்பியதும் இதனால்தான், இழுக்கும்போது பல்லின் மேடு தற்செயலாகத் தகட்டுக்கு நேராக வந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் யாராவது இதை ஒரு நிமிஷம் சொல்லியிருந்தால் நான் மார்த்தாண்டம் வரை வந்திருக்கவே மாட்டேன்.

தகடுகளின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எண் குத்தியிருக்கிறார்கள், அது உயரத்தின் அளவு. எங்கள் பேரலில் இரண்டு தகடு ரொம்பத் தேய்ந்திருந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்தார், பழைய லாக்குகளில் கழற்றிய தகடுகள் ஒரு டப்பா நிறைய, எண் வாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார். அதே எண்ணில் இரண்டைத் தேடி எடுத்துப் போட்டார். பல கடைகளில் தேய்ந்த தகட்டை அரம் வைத்து ராவிச் சமாளித்துவிடுவார்கள், சாவி அப்போதைக்கு நன்றாகத் திரும்பும், ஆனால் பூட்டின் காவல் குறையும், வேறு சாவிகளுக்கும் இளகிக்கொடுக்கும். இவர் ராவவில்லை.

சாவி வெட்டியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரணமாக டூப்ளிகேட் கேட்டால் நம் கையில் இருக்கும் சாவியை மெஷினில் வைத்து அதைப் பார்த்தே வெட்டுவார்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்துத்தானே வெட்டும்? புதுச் சாவி பளபளவென்று இருக்கும், அதே மாதிரி சிக்கும். புது கார் வாங்கும்போது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகட்டில் எண் கொடுப்பார்கள், அதைப் பலர் பூஜை போட்ட அன்றே தொலைத்துவிடுவார்கள். அந்த எண் இருந்தால் கம்பெனி வெட்டிய அதே அளவில் புதிதாக வெட்டலாம். எங்களிடம் இல்லை. கழற்றிய பேரலில் இருந்த தகடுகளின் எண்களை வரிசையாகத் தாளில் எழுதி, அதைக் கம்ப்யூட்டர் மெஷினில் அடித்து வெட்டினார். அந்தத் தாளை வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். நீங்கள் போனால் நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவராகக் கொடுப்பதில்லை.

வெட்டுவதற்கு முன்னால் ஆர்சியும் லைசென்ஸும் கேட்டார். பக்கத்தில் நின்றவர் ஒருவர் “சாவி வெட்ட எதுக்கு ஆர்சி” என்று சலித்துக்கொண்டார். கேட்காத கடைதான் எனக்குப் பயம்.

சிப்புக்கு வருகிறேன், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் வந்த கார்கள் பலவற்றில் சாவித் தலைக்குள் பொடிசாக ஒரு சிப் இருக்கும். இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைத்துவிடும், அதனால் ரிமோட் பேட்டரி செத்தாலும் சிப் வேலை செய்யும். அது சொல்லும் எண் வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எண்ணாக இல்லாவிட்டால் இஞ்சின் ஓடாது. நூற்றைம்பது ரூபாய்க்கு வெட்டிய டூப்ளிகேட் கதவைத் திறக்கும், இக்னிஷனிலும் திரும்பும், ஆனால் வண்டி கிளம்பாது, மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் மினுக்கும். சாவி வெட்டியது தப்பு என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள். இவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: சிப் உண்டா இல்லையா, உண்டென்றால் நகல் எடுக்கலாமா, இல்லை வண்டியோடு ஸ்கேனர் போட்டுப் பதிய வேண்டுமா. எங்களுடையது நகல் எடுக்கக்கூடிய ரகம். ஆனால் சிப் கையிருப்பு இல்லாததால் இன்னொரு நாள் வரச் சொன்னார், அதுவரை ஸ்பேர் சாவியில் ஓட்டினோம்.

கழுவி, தகடு மாற்றி, பூட்டியதற்கு 700 ரூபாய். சிப்போடு புதுச் சாவி 1,800. லாக் செட் விலையில் பாதிகூட ஆகவில்லை. சாவி இப்போது ஒரு விரலால் திரும்புகிறது.

குறைகளும் உண்டு. வண்டி நிறுத்த இடமே கிடையாது, பாலத்துக்குக் கீழே எப்போதும் நெரிசல், சந்துக்குள் காரை விட்டால் பின்னால் வருபவர் ஹாரனை விடமாட்டார். வேலை முடியும் வரை பாதியில் பிரித்த வண்டியை நகர்த்தவும் முடியாது என்பதால் மத்தியான நேரம் பார்த்துப் போங்கள், இரண்டு மணி வாக்கில் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருகிறார், அது பில் ஆகாது, ஆபீஸில் காட்ட வேண்டியவர்களுக்கு உதவாது. எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேட்டால் “பாத்துக்கலாம் சாரே” என்பார், அழுத்திக் கேட்டால்தான் எண் வரும். புதுச் சாவிக்குப் போட்ட பிளாஸ்டிக் தலை மட்டம், இப்போதே ஓரத்தில் விரிசல் விடப் பார்க்கிறது. உட்கார ஒரு ஸ்டூல், அதுவும் மூடி வைத்த பெயிண்ட் டப்பா.

யார் போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருக்கும் வண்டியை வெளியே பிரிக்கக் கொடுக்காதீர்கள், ஷோரூமுக்கே போங்கள். சாவி சுலபமாகத் திரும்புகிறது, ஆனால் இஞ்சின் சுழலவில்லை என்றால் அது சாவிக்கடை வேலையே இல்லை, பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பாருங்கள், அல்லது பேரலுக்குப் பின்னால் தனியாக இருக்கும் மின்சார ஸ்விட்சாக இருக்கும், எலக்ட்ரீஷியனிடம் போங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் சாவி வெளியே வரவில்லை என்றால் கியர் ‘பி’யில் முழுக்க விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பேட்டரி இறங்கினாலும் சில வண்டிகளில் சாவியை விடாது. ஸ்டார்ட் ஆன பிறகு சாவி தானாகத் திரும்பி வராமல் அங்கேயே நிற்கிறது என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து கருகிவிடும்.

பலம் போட்டுத் திருப்பவே கூடாது. சாவி உள்ளேயே ஒடிந்தால் கொக்கி ஊசி வைத்து எடுத்துவிடுகிறார், அதற்கு அதிகம் வாங்குவதில்லை. ஆனால் ஒடிந்த துண்டில் ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுத்துப் பார்த்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்களாம், அப்படி வந்தால் பேரல் போச்சு.

எங்கள் சாவிக் கொத்தையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திட்டினார். வீட்டுச் சாவி, கேட் சாவி, ரப்பர் ஷீட் கொட்டகைச் சாவி, ஒரு பித்தளைச் சிலுவை, எல்லாம் ஒரே வளையத்தில். ஓடும்போது அது ஆடி ஆடிப் பேரலைத் தேய்க்கும் என்றார். தேய்மானத்தோடு நிற்காது என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது சாட்சி. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது. செவ்ரோலே கோபால்ட் போன்ற வண்டிகளில் இக்னிஷன் ஸ்விட்சுக்கு இறுக்கம் போதவில்லை, கொத்துச்சாவியின் கனமோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும்போதே சாவி வழுக்கி ஏசிசிக்கு இறங்கிவிடும். இஞ்சின் அணையும், ஏர்பேக்கும் விரியாது. அந்தக் கோளாறால் 124 பேர் இறந்ததாக நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. அது அந்த ஸ்விட்சின் குறை, இருந்தாலும் இங்குள்ள சாலைக் குழிகளில் குலுக்கலுக்கு என்ன பஞ்சம்? கார் சாவியை இப்போது தனியாகத்தான் வைத்திருக்கிறோம். அதே மாதிரி பேச்சிப்பாறை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்து உருட்டுபவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கும் ரெண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும், சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைத்தது பில்லுக்கும் அந்த மட்டமான பிளாஸ்டிக் தலைக்கும். டிக்கி பூட்டு ரிமோட்டிலேயே திறந்து பழகி, சாவித் துவாரம் உள்ளே துருப்பிடித்துக் கிடக்கிறது. அதையும் பார்க்கச் சொன்னேன், “அதுக்கு இன்னிக்குப் பிரிக்காண்டாம், கிராஃபைட் போட்டு ரெண்டு வாரம் சாவியால திறங்க, அப்பவும் மசியலன்னா கொண்டு வாங்க” என்றார். போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் மசியவில்லை.